புத்தனைச் சுண்டினால் சங்கு விழுமா?

மட்டாஞ்சேரி அரண்மனை 16ஆம் நூற்றாண்டில் கொச்சி மன்னருக்குப் போர்த்துகீசியர் கட்டிக் கொடுத்தது. பிறகு டச்சுக்காரர்கள் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை ஆகிவிட்டது. அங்கே முடிசூடிய கொச்சி மன்னர்களின் சிறிய வெள்ளிக்காசுக்குப் புத்தன் என்று பெயர். அதன் ஒரு பக்கத்தில் சங்கு இருக்கும். அந்தக் காசைச் சுண்டிவிட்டால் சங்கு விழ என்ன வாய்ப்பு? இரண்டில் ஒன்று. நாம் கேட்டது நடக்கும் வழிகளை எண்ணி, மொத்த வழிகளால் வகுத்தால் கிடைக்கும் இந்த அளவுக்குத்தான் நிகழ்தகவு என்று பெயர்.

இரண்டு முறை சுண்டினால் நான்கு வழிகள். மூன்று முறைக்கு எட்டு, நான்கு முறைக்குப் பதினாறு. யாப்பு படித்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. நேர், நிரை என்று அசைகள் இரண்டே. ஆனால் ஈரசைச் சீர் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு. சங்கை நேர் என்றும் மறுபக்கத்தை நிரை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நம் இலக்கண ஆசிரியர்கள் காசே இல்லாமல் முழுப் பட்டியலையும் போட்டு வைத்திருக்கிறார்கள்!

அந்தப் பதினாறுக்குள் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. நான்கு முறை சுண்டினால் சங்கு இரண்டு, மறுபக்கம் இரண்டு என்று விழுவதுதான் இயல்பு என்று தோன்றும். எண்ணிப் பார்ப்போம். சங்கு விழும் இடங்கள் 1-2, 1-3, 1-4, 2-3, 2-4, 3-4. ஆறே வழிகள், அதாவது 37.5 சதவீதம். மூன்றுக்கு ஒன்று என்று ஏதோ ஒரு பக்கம் சாய்வதற்கோ எட்டு வழிகள். பத்து முறை சுண்டினால் 1,024 வழிகளில் சரிபாதி அமைவது 252 மட்டுமே. கால்வாசிகூட இல்லை.

காசுக்கு நினைவும் கிடையாது. 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டி முதல் இந்திய அணி அடுத்தடுத்து 20 ஒருநாள் போட்டிகளில் டாஸ் தோற்றது. இருபது டாஸ் போட்டால் இருபதிலும் தோற்பதன் நிகழ்தகவு 10,48,576இல் ஒன்று. ஆனால் இருபது தோற்றாயிற்று என்பதற்காக இருபத்தொன்றாவதில் வாய்ப்பு கூடவில்லை. 2025 டிசம்பர் 6 அன்று விசாகப்பட்டினத்தில் வென்றதும் அதே பாதி வாய்ப்பில்தான்.

அந்தப் பாதியாவது துல்லியமான பாதியா? சுழலும் காசு லேசாகத் தள்ளாடுவதால், சுண்டும்போது மேலே இருந்த பக்கமே மீண்டும் மேலே வர 51 சதவீத வாய்ப்பு உண்டு என்று 2007இல் கணிதவியலாளர் பெர்சி டயாகோனிஸின் குழு கணித்தது. பின்னர் 48 பேர் சேர்ந்து 3,50,757 முறை காசைச் சுண்டிக் கையில் பிடித்தார்கள். விடை 50.8 சதவீதம்! 2023இல் இந்த முடிவு வெளியானது.

ஆகவே அடுத்த முறை ‘பூவா தலையா’ கேட்கும்போது, எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பதை எதிரில் நிற்பவருக்குக் காட்டாமல் சுண்டுங்கள்.