பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க மக்களே!

தர்மபுரிக்காரங்களுக்கு ராகியைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. களியும் கூழும் நம்ம ஊர் சாப்பாடு. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கு. அந்த நல்ல பேரைத்தான் இப்போ பிஸ்கட் பாக்கெட்டோட முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டு விக்கிறாங்க. உள்ளே எவ்வளவு ராகி இருக்குன்னு தெரியணுமா? பாக்கெட்டைத் திருப்புங்க.

பின்பக்கம் இருக்கும் மூலப்பொருள் பட்டியலில், எடையில் எது அதிகமோ அதுதான் முதலில் வரணும். இது சட்டம். மைதா, சர்க்கரை, பாமாயில், அதுக்கப்புறம் ராகின்னு வரிசை இருந்தா, நீங்க வாங்கினது ராகி தூவின மைதா பிஸ்கட். பேரிலோ படத்திலோ ஒரு பொருளை முன்னிறுத்தி வித்தா, அது எத்தனை சதவீதம்னும் லேபிளில் சொல்லணும். பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்க.

அடுத்தது சர்க்கரை. லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், வெல்லம்னு தனித்தனிப் பேரில் பிரிஞ்சு வந்தா, ஒவ்வொண்ணும் பட்டியலில் கீழே போயிடும். அதனால மொத்த சர்க்கரை அளவைப் பாருங்க. 100 மி.லி.க்கு 13 கிராம்னு போட்டிருந்தா சின்னதாத்தான் தெரியும். 600 மி.லி. பாட்டிலை முழுசாக் குடிச்சா 78 கிராம். 5 கிராம் ஸ்பூன் கணக்கில் பதினஞ்சு ஸ்பூனுக்கு மேல!

"ஹெல்த் டிரிங்க்" என்ற பேருக்கு என்ன அர்த்தம்? 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. அதனாலதான் போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தப் பிரிவிலிருந்து எடுக்கச் சொல்லி, 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது.

இதெல்லாம் காசு வீணாகும் கதை. உயிரோடு விளையாடும் கதையும் உண்டு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில், உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கணும், கூடவே சரியான அளவில் உப்புகளும். ஆனா சர்க்கரை அதிகமான பானங்களும் "ஓ.ஆர்.எஸ்." என்ற எழுத்துகளைப் பேரில் வச்சு மெடிக்கல் ஷாப்பிலேயே வித்துச்சு. சர்க்கரை கூடினா குடலுக்குள் தண்ணியை இழுத்து வயிற்றுப்போக்கை இன்னும் மோசமாக்கும், குழந்தைகளுக்கு ஆபத்து. ஹைதராபாத் குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் இதுக்காகப் போராடினார். கடைசியில் 2025 அக்டோபரில், அந்தக் கணக்குக்குப் பொருந்தாத எந்தப் பானமும் பேரில் அந்தச் சொல்லை வைக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. அதுவரைக்கும் "இது அந்தக் கரைசல் இல்லை"ன்னு ஒரு வரி லேபிளில் இருந்தாலே போதும்னு விட்டிருந்தாங்க. அவசரத்தில் ஓடிவந்து வாங்கும் அம்மா அந்த வரியை எங்கே படிப்பாங்க?

வீட்டுக்குப் பாக்கெட் வாங்கிட்டுப் போறது பெரும்பாலும் நாமதான். பட்டியலில் முதல் மூணு பேர், சதவீதம், 100-க்கு எவ்வளவு சர்க்கரை. இந்த மூணையும் பார்க்க ஒரு நிமிஷம் போதும். பார்த்ததை வீட்டில் இருக்கிறவங்களுக்கும் சொல்லிக் கொடுங்க.