பார்வை நரம்பு அழற்சி: பிளாஸ்மா மாற்று சிகிச்சைக்கு எத்தனை நாள் காத்திருக்கலாம்?

செம்பூர் திலக் நகரில் இருந்து வேலைக்குக் கிளம்புகிறீர்கள். கண்ணை அசைத்தால் பின்பக்கம் வலிக்கிறது. ரெண்டாம் நாள், சிக்னலின் சிவப்பு ஒரு கண்ணுக்கு மட்டும் வெளிறித் தெரிகிறது. நாலாம் நாள் அந்தக் கண்ணால் எதிரில் இருப்பவரின் விரலைக்கூட எண்ண முடியவில்லை.

கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்து பவர் மாறியிருக்கும் என்று கண்ணாடிக் கடைக்குப் போவோம். இல்லையென்றால், பக்கத்தில் இருக்கும் கூர்லா டெர்மினஸில் கோயம்புத்தூர் ரயிலைப் பிடித்து, ‘ஊர்ல போய் காட்டிக்கலாம்’ என்போம். இது பார்வை நரம்பு அழற்சியாக இருந்தால், இப்படிக் கழியும் நாட்களைத் திரும்பப் பெற முடியாது.

முதலில் ஒரு ஆறுதல்: இந்த நோய் வந்த பலருக்கு பிளாஸ்மா மாற்று சிகிச்சை தேவைப்படாது. 1992-இல் அமெரிக்காவில் 457 பேரிடம் நடந்த ஆய்வில், நரம்பு வழி ஸ்டீராய்டு பார்வையைச் சீக்கிரம் மீட்டது. ஆனால் மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, மருந்தில்லாதவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தார்கள். வழக்கமான அளவு ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் சாப்பிட்டவர்களுக்குத்தான் நோய் அதிகமாகத் திரும்பி வந்தது. மெடிக்கலில் நீங்களே மாத்திரை கேட்டு வாங்காதீர்கள்.

யாருக்கு அவசரம்?

பார்வை ஏறக்குறைய முழுசாகப் போனவர்கள், இரண்டு கண்ணும் ஒன்றாகப் பாதிக்கப்பட்டவர்கள், கூடவே கால் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பது, நிற்காத விக்கல் அல்லது வாந்தி இருப்பவர்கள். இவர்களுக்கு என்எம்ஓ என்ற நோய் இருக்கலாம். இதில் நம் உடம்பே உருவாக்கும் அக்வாபோரின்-4 எதிர்ப்புப் புரதம் பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது. ஒவ்வொரு தாக்குதலும் நிரந்தரச் சேதத்தை விட்டுப் போகக்கூடியது. மோக் என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதமும் உண்டு. அது பெரும்பாலும் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும்.

பிளாஸ்மா மாற்று சிகிச்சை என்பது அந்தப் புரதத்தை ரத்தத்திலிருந்து வெளியே எடுப்பதுதான். கழுத்து அல்லது தொடை ரத்தக்குழாயில் குழாய் பொருத்தி, இயந்திரம் பிளாஸ்மாவைப் பிரித்தெடுக்கும். பதிலாக ஆல்புமின் கலந்து ரத்த அணுக்களைத் திருப்பி அனுப்பும். ஒரு தடவை போதாது. எதிர்ப்புப் புரதத்தில் பாதிக்கு மேல் ரத்தத்துக்கு வெளியே, திசுக்களில் இருக்கிறது. அது மறுபடி ரத்தத்துக்கு வரட்டும் என்று ஒருநாள் விட்டு ஒருநாள், 5 முதல் 7 தடவை செய்கிறார்கள்.

1999-இல் மேயோ கிளினிக் குழு, ஸ்டீராய்டுக்கு அசையாத கடுமையான நரம்புத் தாக்குதல்களில் இதைச் சோதித்தது. நிஜ சிகிச்சை 19 தடவையில் 8 தடவை நல்ல பலன் தந்தது; போலி சிகிச்சை 17-இல் ஒரே ஒரு தடவை. 2018-இல் வந்த பிரெஞ்சு ஆய்வு நாட்களை எண்ணிப் பார்த்தது: என்எம்ஓ தாக்குதலின் முதல் நாளே தொடங்கினால் முழுமையாகத் தேற 50 சதவீத வாய்ப்பு, 20 நாள் தாண்டினால் 1 முதல் 5 சதவீதம். பழைய நோயாளிகளின் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டது இது. ஆனாலும் அந்தச் சரிவை அலட்சியப்படுத்த முடியாது.

அதனால் ‘ஸ்டீராய்டு ஐந்து நாள் முடியட்டும், வீட்டுக்குப் போங்க, ரெண்டு வாரம் கழிச்சுப் பார்க்கலாம்’ என்பது கடுமையான பார்வை இழப்புக்குப் பொருந்தாது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் முன்னேற்றம் இல்லையென்றால் அடுத்த கட்டத்தைப் பேச வேண்டும். ஏற்கெனவே என்எம்ஓ உறுதியானவருக்கு அதுவரைகூடக் காத்திருக்காமல் ஸ்டீராய்டோடு சேர்த்தே தொடங்கும் மருத்துவர்கள் உண்டு.

ரத்தப் பரிசோதனை முடிவு வர நாட்கள் ஆகலாம். அதற்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. ஆனால் ரத்த மாதிரியை முதல் தடவைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பிளாஸ்மாவை அகற்றிய பிறகு எடுத்தால், நோய் இருந்தும் ‘நெகட்டிவ்’ என்று வரக்கூடும்.

சிக்கலும் இல்லாமல் இல்லை. ரத்த அழுத்தம் குறையலாம், கால்சியம் இறங்கி உதடும் விரலும் மதமதக்கலாம், குழாய் வழியாகத் தொற்று வரலாம், ரத்தம் உறையும் திறன் சில நாள் குறையலாம். ஆல்புமின் செலவும் கூடுதல். லேசான அழற்சிக்கு இதைச் செய்யாததன் காரணம் இதுதான்.

திலக் நகரில் இருப்பவர்களுக்குச் சயான் மாநகராட்சி மருத்துவமனை சில கிலோமீட்டர்தான். எங்கே சேர்ந்தாலும் முதல் நாளே மூன்று கேள்விகள்: நரம்பியல் மருத்துவர் எப்போது பார்ப்பார்? அக்வாபோரின், மோக் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தாச்சா? பிளாஸ்மா மாற்றும் இயந்திரம் இங்கே இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமையும் ஓடுமா? இல்லை என்று பதில் வந்தால், எந்த மருத்துவமனைக்கு மாறுவது என்பதை அன்றைக்கே கேட்டு வையுங்கள்.