டிவி அலமாரி: சுவரிலிருந்து தொடங்கும் மரவேலை

நல்ல பிளைவுட்டில் கவனமாகச் செய்த டிவி அலமாரி இருபது ஆண்டு நிற்கும். அதில் வைக்கும் டிவி அவ்வளவு காலம் இருப்பதில்லை. பழுதாகியோ, பெரிய திரை வேண்டுமென்றோ இடையில் மாறிவிடும். அளவெடுத்துச் செய்யும் டிவி அலமாரியின் முதல் சிக்கல் இதுதான். இன்றைய டிவிக்குக் கச்சிதமாகச் செய்தால் அடுத்த டிவி அதில் அடங்காது.

இதற்குச் சாட்சி பல பழைய வீடுகளின் கூடங்களிலேயே இருக்கிறது. சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வீட்டுக்கு வந்தவையெல்லாம் படக்குழாய் வைத்த கனத்த பெட்டிகள். பின்பக்கம் நீண்டிருக்கும் அந்தக் குழாய்க்காக ஷோகேஸின் நடுவே ஆழமான சதுரப் பொந்து விடப்பட்டது. அந்தத் திரைகள் 4:3 விகிதத்தில் இருந்ததால் பொந்துக்கு இரண்டரை அடி அகலமே போதுமானது. 16:9 விகிதத் தட்டை டிவி வந்ததும் ஆழம் வீணானது, அகலம் பற்றவில்லை. தேக்கில் இழைத்த எத்தனையோ ஷோகேஸ்கள் இந்த ஒரே காரணத்தால் உடைக்கப்பட்டன. ஆகவே டிவியைச் சுற்றிச் சட்டம் அடிக்காமல், கீழே நீளமான தாழ்ந்த அலமாரியும் மேலே திறந்த சுவருமாக விடுவதே அறிவுடைமை. பக்கவாட்டில் உயரமான அலமாரி வேண்டுமென்றால், இப்போதைய டிவியைவிட இரண்டு அளவு பெரியது நுழையும்படி இடைவெளி விட வேண்டும்.

டிவியின் அங்குலக் கணக்கு மூலைவிட்ட நீளத்தைக் குறிக்கிறது. அதை 0.87ஆல் பெருக்கினால் அகலமும், 0.49ஆல் பெருக்கினால் உயரமும் ஏறத்தாழக் கிடைக்கும். 55 அங்குல டிவி சுமார் 48 அங்குல அகலமும் 27 அங்குல உயரமும் கொண்டது. 65 அங்குலமானால் அகலம் சுமார் 57 அங்குலம். சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடி உயரத்தில் இருக்கும்; திரையின் நடுப்பகுதி அந்த மட்டத்தில் அமைவது கழுத்துக்கு நல்லது. தரையில் உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் உள்ள வீட்டில் அரையடி இறக்கலாம். கதவு நிலைக்குச் சமமாக டிவியை மேலே ஏற்றுவது பார்வைக்கு எடுப்பாகத் தெரிந்தாலும், ஒரு சினிமா பார்த்து முடிப்பதற்குள் கழுத்து வலிக்கும். பார்க்கும் தூரம் திரை அளவைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் வசதி; 55 அங்குலத்துக்கு ஏழு அடி.

அடுத்தது மின்வேலை. மரம் வாங்குவதற்கு முன்பே, சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்கும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும். டிவி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட் பார், ரௌட்டர், பிள்ளைகளின் விளையாட்டுக் கருவி என்று எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு பிளக் பாயின்டுகள் தேவைப்படும். அவற்றில் ஒன்றிரண்டு டிவியின் முதுகுக்குப் பின்னாலும் மீதி கீழ் அலமாரிக்குள்ளும் வர வேண்டும். ரௌட்டருக்கான பாயின்டை இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்த்துவிட்டால் மின்வெட்டின்போது இணையம் நிற்காது. டிவிக்கும் அலமாரிக்கும் இடையே சுவருக்குள் இரண்டு அங்குலப் பிவிசி குழாய் ஒன்றைப் புதைப்பது மிக முக்கியம். எச்டிஎம்ஐ கேபிளின் முனை அகலமானது. மின்கம்பிக்குப் போடும் மெல்லிய குழாயில், அதுவும் வளைவுகளில், அது சிக்கிக்கொள்ளும். மொட்டைமாடி டிஷ் கேபிளும் ஃபைபர் இணைப்பும் எந்த வழியாக வருகின்றன என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். குழாய்களும் கம்பிகளும் செல்லும் வழியைச் சுவர் பூசுவதற்கு முன் போட்டோ எடுத்து வைத்தால், பின்னாளில் டிரில் போடும்போது அது காப்பாற்றும்.

பெரும்பாலான செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகள் அகச்சிவப்புக் கதிரால் இயங்குபவை. மரக் கதவு அதை மறைத்துவிடும். எனவே செட்டாப் பாக்ஸ் வைக்கும் அறை திறந்தோ கண்ணாடிக் கதவோடோ இருக்க வேண்டும். கருவிகள் சூடாகும் என்பதால் அதன் பின்பலகையில் காற்று போகத் துளை விடுவதும் அவசியம். ரௌட்டரை மூடிய அறைக்குள், குறிப்பாக உலோகத் தகட்டுக்கோ முகம் பார்க்கும் கண்ணாடிக்கோ பின்னால் வைத்தால் வைஃபை பலவீனமாகும்.

பலகையைப் பொறுத்தவரை, ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கும், ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட்டுக்கும் உரிய இந்தியத் தரநிலைகள். மரைன் பிளைவுட்டின் ஒட்டு 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும். உலர்ந்த கூடத்துக்கு அது கட்டாயமில்லை. அலமாரி குளியலறைச் சுவரிலோ மழை அடிக்கும் வெளிச்சுவரிலோ பொருந்துமானால் கூடுதல் செலவு தகும். பார்ட்டிகிள் போர்டு மலிவானதுதான். ஆனால் ஈரம் பட்டால் ஊதும், கழற்றி மாட்டிய திருகாணி மறுபடி பிடிக்காது. எட்டுக்கு நான்கு அடி, 18 மி.மீ. பிளைவுட் ஒன்றே முப்பது கிலோவைத் தாண்டும் என்பதால், மாட்டும் வேலையில் எடையை மறக்கக் கூடாது. இதே தடிமனில் மூன்று அடிக்கு மேல் தாங்கலின்றி ஓடும் தட்டு நாளடைவில் தொய்யும். நடுவே ஒரு குறுக்குப் பலகை போதும்.

கதவின் வெளிப்பக்கம் மட்டும் மைக்கா ஒட்டிவிட்டு உள்பக்கத்தை வெறுமே விட்டால், இரு பக்கமும் ஈரத்தை ஒரே அளவில் இழுக்காமல் கதவு வளைந்துவிடும். உள்பக்கம் மெல்லிய லேமினேட்டாவது ஒட்டியே ஆக வேண்டும். வெட்டிய ஓரங்கள் எல்லாம், கண்ணுக்குத் தெரியாத பின் ஓரமும் சேர்த்து, மூடப்பட வேண்டும். ஈரம் முதலில் நுழைவது அங்கேதான். நிறமும் வடிவமும் வீட்டாரின் விருப்பம்.

கூலி பெரும்பாலும் முகப்பின் சதுர அடிக்குப் பேசப்படுகிறது. ஆழம், டிராயர்களின் எண்ணிக்கை, கீல், சேனல் ஆகியவை அந்த விலைக்குள் அடங்குமா என்பதை ஆசாரியிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்தால் பின்னால் மனத்தாங்கல் வராது.

மாட்டும்போது சுவரின் வகையை முதலில் அறிய வேண்டும். செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட், பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் ஆழமாக இறங்க வேண்டும். பூச்சின் பிடிப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது. புதிய அடுக்ககங்களின் லேசான ஏஏசி கற்களில் சாதாரண பிளக் நழுவும்; அந்தக் கல்லுக்கென்றே உள்ள நீண்ட நைலான் ஆங்கரோ ரசாயன ஆங்கரோ தேவை. தொங்கும் அலமாரிக்கு, ஓரத்தை 45 டிகிரி சாய்வாக அறுத்த இரண்டு பட்டைகள் நல்ல முறை. ஒன்று சுவரில், மற்றொன்று அலமாரியின் முதுகில்; மேலிருந்து இறக்கினால் இரண்டும் கவ்விக்கொள்ளும். சுவர்ப்பட்டையை ரசமட்டம் வைத்துப் பொருத்த வேண்டும். நீளத்தில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு சாய்ந்தாலும், மேலே மாட்டிய டிவியோடு ஒப்பிடும்போது கண்ணில் படும்.

டிவியின் முதுகில் உள்ள நான்கு திருகுத் துளைகள் வெசா என்ற பொது அளவில் அமைந்தவை. 200, 300, 400 மி.மீ. இடைவெளிகள் பரவலானவை. ஸ்டாண்டை அதற்கேற்ப வாங்கலாம். அழகுக்காகப் பின்னால் லூவர் பேனல் பதித்திருந்தால், ஸ்டாண்டின் போல்ட் அதைத் துளைத்துச் சுவரில் பிடிக்க வேண்டும். டிவியின் பாரத்தைப் பேனல் மட்டும் சுமக்கலாகாது. கீழ் அலமாரியைத் தரையிலிருந்து எட்டு, பத்து அங்குலம் தூக்கி மாட்டினால் துடைப்பம் உள்ளே போகும். கரையான் ஏறினாலும் மண்தடம் உடனே தெரியும். சுவரிலிருந்து அரை அங்குலம் விலக்கி, பின்பலகையைத் திருகாணியில் கழற்றும்படி வைத்தால், கேபிள் மாற்ற வருபவர் அலமாரியை இறக்கத் தேவையில்லை.