முப்பத்தைந்தாம் வயதில் ஒரு புதுத் தொடக்கம்

பிறந்த ஊரை விட்டு வெளிமாநிலம் வந்து குடியேறிய நம்மவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் மறவாதிருக்கும். மூட்டை முடிச்சுகளுடன் ரயிலை விட்டிறங்கி, செவியில் விழும் மொழி விளங்காமல் திகைத்து நின்ற நாள் அது. நம்மைப் பிழைப்பு அழைத்து வந்தது. கையிலிருந்த நல்ல பதவியை விட்டு, கிராமத் தொண்டுக்கென்றே அவ்வாறு வந்திறங்கிய தமிழர் ஒருவரின் வரலாற்றை இங்கே சிந்திப்போம்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒரு கிராமக் குருவானவர். அசரியா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, 1895இல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளரானார். ஊர் ஊராகச் சென்று மாணவரிடையே சொற்பொழிவாற்றுவது அவர் பணி. பேரும் மதிப்பும் வளர்ந்து வந்தன.

1902இல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் பிறர் கையை எதிர்பாராது, தாமே பொருள் திரட்டி வெளியிடத்துக்கு ஊழியரை அனுப்பி வந்ததைக் கண்டார். எண்ணிக்கையில் பெரிதான தம் திருநெல்வேலிச் சபை அவ்வாறு செய்யவில்லையே என்று நாணினார். அதன் பயனாக 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. நிஜாம் ஆட்சிக்குட்பட்ட ஐதராபாத் சமஸ்தானத்தில், தெலுங்கு வழங்கும் தோர்ணக்கல் பகுதியை அது தன் பணிக்களமாகக் கொண்டது.

பிறரைப் போகச் சொல்வது எளிது. தாம் போவது அரிது. அசரியா அந்த அரிய வழியையே மேற்கொண்டார். 1909இல் சங்கப் பதவியைத் துறந்து குருப்பட்டம் பெற்று, மனைவி மக்களுடன் தோர்ணக்கல் சேர்ந்தார். மேடைப் பேச்சில் வல்லவரான அவர், அயல்மொழியாகிய தெலுங்கைப் பயில வேண்டியவரானார். துணைவியார் அன்பு அம்மையாரும் பெண்களிடையே தொண்டாற்றினார்.

1910இல் எடின்பரோ நகரில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை புகழ் பெற்றது. மேனாட்டார் செய்த தியாகங்களை நன்றியுடன் ஒப்புக்கொண்டு, அவர்கள் இந்தியரை நண்பராக நடத்தவில்லை என்னும் குறையை அவர்கள் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் அதற்கு நெஞ்சுரம் வேண்டும். 1912 டிசம்பர் 29ஆம் நாள், கல்கத்தாவில் அவர் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர் அவரே. அந்நியர் மட்டுமன்றி, அவர் பிறந்த மாவட்டத்தாரிலும் சிலர் அந்நியமனத்தை எதிர்த்தனர் என்பது நாம் கருத வேண்டிய செய்தி.

பட்டம் உயர்ந்த பின்னும் பணி கிராமத்திலேயே நிகழ்ந்தது. சேகரம் சேகரமாகச் சுற்றி, உள்ளூர்க் குருமாரையும் ஆசிரியரையும் பயிற்றுவித்தார். மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்திரளாகச் சபையிற் சேர்ந்தனர். அழுக்கு, நோய், கடன், குடி ஆகியவற்றைப் பகையெனக் கொண்டு போராடுமாறு அவர்களுக்குப் போதித்தார். இத்தகைய கூட்ட மதமாற்றத்தைக் காந்தியடிகள் ஏற்கவில்லை; அசரியாவோ தம் கொள்கையில் உறுதியாக நின்றார். 1939இல் நிறைவெய்திய தோர்ணக்கல் பேராலயத்தில் இந்து, முஸ்லிம் கட்டடக் கலைகளின் சாயல் இணைந்து விளங்குவதை இன்றும் காணலாம். வந்த மண்ணின் வடிவையே தம் வழிபாட்டிற்கும் வடிவாக அவர் விரும்பினார்.

1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லிலேயே அவர் வாழ்வு முடிந்தது.

அவர் சமயம் நம்மில் பலருடையதன்று. ஆயினும் அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வி நம் அனைவர்க்கும் உரியது: பிறர்க்கு உரைத்ததை நாம் செய்தோமா? குடியேறிய மண்ணில் எத்தனை ஆண்டு கழித்தோம் என்று கணக்கிடுகிறோம். அம்மண்ணின் மொழியை எவ்வளவு கற்றோம், அங்குள்ளோர்க்கு எவ்வளவு நண்பரானோம் என்றும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போமாக. குறை தெரிந்தால் கலங்க வேண்டுவதில்லை. புதிதாய்த் தொடங்குவதற்கு வயது தடையன்று.