அப்பாவுக்கு ஒரு இன்பாக்ஸ்!

"ஏம்ப்பா, மெயில் ஏதாச்சும் வந்திருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்..."

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கமிருந்து காலேஜுக்கு ஓடுற மக்களே, இந்த டயலாக் உங்க வீட்டுலயும் கேட்டிருக்குமே? "சாயங்காலம் வந்து பாக்குறேன்"னு சொல்லிட்டு ஷூவை மாட்டியிருப்பீங்க. அந்தச் சாயங்காலம் இன்னும் வரலை. அதானே?

உங்க ஏரியாவோட ஹிஸ்டரியைக் கொஞ்சம் பாருங்க. ஆவடி டாங்க் ஃபேக்டரி 1961-ல ஆரம்பிச்சது. 1965-ல முதல் 'விஜயந்தா' டாங்க் அங்கேருந்துதான் வெளியே வந்தது. அம்பத்தூர் எஸ்டேட் 1960-கள்ல முளைச்சது. லேத்துல இரும்பைத் துல்லியமா கடைஞ்ச கைகள் உங்க தெருவுலயே எத்தனை இருக்கு! இந்தியாவுல பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. அப்போ அப்பாவோ தாத்தாவோ நைட் ஷிஃப்ட் பாத்துட்டு இருந்தாங்க. மவுஸ் பிடிக்க நேரம் ஏது? ஸோ, குறை அவங்க மூளையில இல்லை. நாம சொல்லிக் கொடுக்குற லட்சணத்துல!

வாட்ஸ்அப் இருக்கே, மெயில் எதுக்குன்னு கேக்குறீங்களா? பி.எஃப்., பேங்க், இன்சூரன்ஸ், வருமான வரி... எல்லாரும் முதல்ல கேக்குறது மெயில் ஐடி. பென்ஷன்காரங்க உயிரோட இருக்காங்கன்னு நிரூபிக்கிற டிஜிட்டல் சான்றிதழ் 'ஜீவன் பிரமான்' 2014 நவம்பர்ல வந்தது. 2021-லேருந்து போன் கேமராவுல முகத்தைக் காட்டியே அதை எடுத்துக்கலாம். அங்கேயும் மெயில் ஐடி கேக்கும். முக்கியமான தகவல் ஒண்ணு இன்பாக்ஸ்ல தூங்கினா, மாசா மாசம் வர்ற பென்ஷனே நிக்கலாம்.

சரி, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. செய்ய வேண்டியது இதான்:

1. ஐடி யாரோடது?

பல அப்பாக்களோட மெயில் ஐடி, பிரௌசிங் சென்டர்ல யாரோ ஒரு தம்பி அவசரத்துக்கு ஆரம்பிச்சுக் கொடுத்தது. பாஸ்வேர்டு மறந்தா உதவுற 'ரெகவரி' நம்பர் யாரோடதுன்னு முதல்ல பாருங்க. அப்பா நம்பரும் உங்க மெயிலும் அதுல இருக்கட்டும். இன்னொரு மேட்டர்... 2 வருஷம் தொடாம கிடக்குற கணக்கை அழிச்சுடலாம்னு கூகுள் 2023-ல விதியே கொண்டு வந்துடுச்சு. அந்த ஐடி போனா அதோட இணைச்சதெல்லாம் சிக்கல்தான்.

2. டப்பா ஃபுல்லா?

ஜிமெயில்ல ஃப்ரீயா கிடைக்கிறது 15 ஜி.பி. போட்டோவும், ஆண்ட்ராய்டுல வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே கணக்குலதான் சேருது. ரோஜாப்பூ 'குட்மார்னிங்' வீடியோக்கள் வருஷக்கணக்கா சேர்ந்து இடத்தை நிரப்பினா, புது மெயில் உள்ளே வராது. அத்தை அனுப்புன ரோஜாப்பூ, பி.எஃப். ஆபீஸ் கடுதாசியை வாசல்லயே திருப்பி அனுப்புது பாஸ்!

3. கண்ணுக்கு இதம்

போன் செட்டிங்ஸ்ல எழுத்தைப் பெருசாக்குங்க. மொழியைத் தமிழுக்கு மாத்தலாமான்னு கேளுங்க. இங்கிலீஷே பழகிட்டாங்கன்னா விட்டுடுங்க. விளம்பர மெயில்களை 'அன்சப்ஸ்கிரைப்' பண்ணிட்டு, 'ப்ரொமோஷன்ஸ்', 'சோஷியல்'னு தனித்தனியா பிரிச்சுப் போடுறதை நிறுத்திடுங்க. எல்லாம் ஒரே இடத்துல வந்தா தேட வேண்டாம். ஜிமெயில் ஐகான் முதல் ஸ்க்ரீன்லயே, எப்பவும் அதே மூலையில இருக்கட்டும்.

4. பேசினா போதும்

ஒரு காலத்துல தமிழ்ல மெயில் அனுப்புறதே சர்க்கஸ். இவர் ஒரு ஃபான்ட்ல அனுப்ப, அவருக்குக் கட்டம் கட்டமா தெரியும். 1999-ல சென்னையில நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டுக்கு அப்புறம்தான் 'தமிழ் 99' கீபோர்டையே அரசு தரப்படுத்துச்சு. இப்போ அந்தக் கஷ்டமே இல்லை. கீபோர்டுல மைக்கைத் தொட்டுத் தமிழ்ல பேசினா, அதுவே எழுதிடும். தப்பு ரெண்டு வரும்... வந்துட்டுப் போகட்டும்.

5. பாஸ்வேர்டு வேண்டாம், பர்மிஷன் வாங்குங்க

அப்பாவோட பாஸ்வேர்டை நீங்க வெச்சுக்கவே தேவையில்லை. கம்ப்யூட்டர்ல ஜிமெயிலைத் திறந்தா, செட்டிங்ஸ்ல இன்னொருத்தருக்கு அனுமதி கொடுக்குற வசதி இருக்கு. உங்க ஐடியிலேருந்தே அவர் மெயிலைப் படிக்கலாம், பதில் போடலாம். ஆனா பாஸ்வேர்டை மாத்த முடியாது. இதை அவரைக் கேட்டுட்டு மட்டும் செய்யுங்க. அது அவரோட கடுதாசிப் பெட்டி!

6. உஷார்!

"லைஃப் சர்டிஃபிகேட் அப்டேட் பண்ணணும், ஓ.டி.பி. சொல்லுங்க"ன்னு வர்ற போனும் லிங்க்கும் சுத்த டுபாக்கூர். பென்ஷன் நிக்கப் போகுதுன்னு பயமுறுத்தினா பெரியவங்க பதறிடுவாங்க. ஏமாந்தாலும் திட்டுவீங்களோன்னு உங்ககிட்ட சொல்லாம மறைச்சுடுவாங்க. லேட்டாகுற ஒவ்வொரு நிமிஷமும் திருடனுக்கு லாபம். அதனால திட்ட மாட்டேன்னு இப்பவே சொல்லி வைங்க. பணம் போனா உடனே அழைக்க வேண்டிய நம்பர் 1930. போன் பக்கத்துலயே எழுதி ஒட்டுங்க.

கடைசியா ஒரே ஒரு கண்டிஷன்... போனைப் பிடுங்கி நீங்களே டக் டக்னு தட்டிட்டு "அவ்ளோதாம்பா"ன்னு நீட்டக் கூடாது. போன் அவங்க கையிலயே இருக்கணும். ஒரு நாளைக்கு ஒரு வேலை மட்டும். இன்னிக்குத் திறக்குறது, நாளைக்குப் பதில் போடுறது. வழியை அவங்க டைரியில, அவங்க கையெழுத்துல, அவங்க வார்த்தையிலயே எழுதட்டும். நாலாவது தடவை அதையே கேட்டாலும் பெருமூச்சு விடாதீங்க.

சைக்கிளுக்குப் பேர் போன அம்பத்தூர்க்காரங்களுக்கு இது தெரியாததா? கேரியரைப் பிடிச்சுட்டு ஓடி வந்த கை எப்போ விட்டுச்சுன்னே தெரியாம நாமளே ஓட்டிட்டு இருந்தோமே... இப்போ பிடிக்க வேண்டியது நம்ம டர்ன். பிடிங்க, அப்புறம் மெதுவா விடுங்க!