அளவும் தண்டனையும்

நீதியைத் துலாக்கோலுக்கு ஒப்பிடுவது தமிழ் மரபு. போதைப்பொருள் வழக்குகளில் துலாக்கோல் உவமையாக மட்டும் நிற்பதில்லை. உண்மையாகவே நிறுத்துப் பார்க்கப்படுகிறது. ஒருவரிடம் இருந்த பொருளின் எடையே அவர் சிறையில் கழிக்க வேண்டிய ஆண்டுகளைப் பெரிதும் முடிவு செய்கிறது. அது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

சட்டம் தோன்றிய வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட அபினிச் சட்டங்களும், 1930ஆம் ஆண்டின் அபாயகரமான மருந்துகள் சட்டமும் விடுதலைக்குப் பின்னரும் நடைமுறையில் இருந்தன. அவற்றுக்கு மாற்றாக நாடாளுமன்றம் 1985ஆம் ஆண்டில் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை இயற்றியது. இது நாடு முழுமைக்கும் உரிய மத்தியச் சட்டம். எனினும், மாநிலக் காவல்துறையினரும் இதன்கீழ் வழக்குப் பதிவு செய்கின்றனர்.

தொடக்கத்தில், ஹெராயின் போன்ற பொருளை வைத்திருந்தவருக்குக் குறைந்தது 10 ஆண்டுகள் கடுங்காவல் சிறை விதிக்கப்பட்டது. சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிய அளவே அது என்று மெய்ப்பித்தவருக்கு மட்டுமே தண்டனை குறைந்தது. இதனால், பெரும் வணிகருக்கும் அவரிடம் வாங்கிய எளியவருக்கும் ஒரே தண்டனை கிடைக்கும் நிலை உருவானது. இக்குறையைப் போக்க 2001ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது.

மூன்று படிகள்

திருத்தத்திற்குப் பின் தண்டனை மூன்று படிகளாக வகுக்கப்பட்டது. சிறிய அளவுக்கு இன்று ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டுகள் வரை கடுங்காவல் சிறையும், குறைந்தது ஓர் இலட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டுகள் வரை சிறையும், ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

எது சிறிய அளவு, எது வணிக அளவு என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். ஹெராயினுக்குச் சிறிய அளவின் வரம்பு 5 கிராம். 250 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. கஞ்சாவுக்கு இவ்வரம்புகள் முறையே ஒரு கிலோவும் 20 கிலோவும் ஆகும்.

கலப்படத்தால் எழுந்த வினா

300 கிராம் தூளில் 4 கிராம் மட்டுமே ஹெராயின். எஞ்சியது வேறு தூள் எனக் கொள்வோம். எதை நிறுப்பது? தூய ஹெராயினின் எடையையே கணக்கிட வேண்டும் என 2008ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் கூறியது. அதன்படி இது சிறிய அளவு. ஆனால் 2020ஆம் ஆண்டில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, கலவை முழுவதையும் நிறுக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அதன்படி இது வணிக அளவு. ஓராண்டுச் சிறைக்கும் பத்தாண்டுச் சிறைக்கும் இடையிலான தொலைவு, நிறுக்கும் முறையில் அடங்கியிருப்பதைக் காண்க.

காக்கும் விதிகள்

கடுமையான சட்டத்திற்குக் கடுமையான நடைமுறையும் வேண்டும். உடலைச் சோதனையிடும் முன், அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் அல்லது நடுவர் முன்னிலையில் சோதனையிடுமாறு கோரும் உரிமை உண்டு என்பதை அந்நபருக்கு அறிவிக்க வேண்டும். பெண்ணைப் பெண்ணே சோதனையிட வேண்டும்.

அடிமைப்பட்டவருக்கும் சட்டம் ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. சிறிய அளவு தொடர்பான குற்றம் சாட்டப்பட்டவர், தாமே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் அவ்விலக்கு நீக்கப்படலாம்.

மாணவர் அறிய வேண்டியது

“இந்தப் பையை அங்கே கொடுத்துவிடு” என்று ஒருவர் கேட்கும்போது மறுப்பதற்கு நமக்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் பிறர் பொருளாயினும், நம் கையில் இருந்தால் அது நம் வசம் இருந்ததாகவே கருதப்படக்கூடும். பொதுவாகக் குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசைச் சார்ந்தது. இச்சட்டத்திலோ, பொருள் ஒருவர் வசம் இருந்தது நிறுவப்பட்டால், அது பற்றித் தமக்குத் தெரியாது என்பதை அவரே ஐயமின்றி மெய்ப்பிக்க வேண்டும். வணிக அளவாயின் பிணை பெறுவதும் எளிதன்று.

பதினெட்டு வயது நிறையாதோரின் வழக்குகளை இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். சிறாரைக் கொண்டு போதைப்பொருளை விற்கவோ கடத்தவோ செய்பவருக்கு, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழாண்டுகள் வரை கடுங்காவல் சிறை விதிக்கலாம். ஆகவே, அவ்வாறு வற்புறுத்தப்படும் சிறார் அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே கூறுதல் வேண்டும்.

தண்டனை அச்சத்தைத் தரும். சிகிச்சை மீட்சியைத் தரும். எவருக்கு எது உரியது எனப் பிரித்தறிவதே நீதி. துலாக்கோல் எடையைக் காட்டும். அதைத் தாங்கி நிற்பவர் வணிகரா, நோயுற்றவரா, ஏமாற்றப்பட்டவரா என்பதை மனிதரே ஆராய்ந்து அறிதல் வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. 2001ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டதன் காரணம் யாது?
2. கலவையை நிறுப்பது பற்றிய இரு தீர்ப்புகளுள் உமக்கு ஏற்புடையது எது? ஏன்?
3. அறியாத பையைச் சுமக்குமாறு நண்பர் வேண்டினால், அவர் மனம் நோகாமல் எவ்வாறு மறுப்பீர்? உரையாடலாக எழுதுக.