நம் வீதியை நாம் அறிவோமா?

தேசாபிமானம் என்னும் சொல்லை நாம் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் நாள்தோறும் வழங்கி வருகிறோம். தேசம் என்பது யாது என்று எவரேனும் கேட்பாராயின், இமயம் முதல் குமரி வரை என்று கைவீசிக் காட்டுகிறோம். ஆயின் அத்தேசத்தின் மிகச் சிறிய கூறாகிய நம் வீதியைப்பற்றி நாம் அறிந்தது எவ்வளவு? சில மாதங்களுக்கு முன் இக்கேள்வி நம்மை நோக்கியே எழுந்தது. நாம் தலைகுனிய நேர்ந்தது.

நாம் பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணியில். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேதான் வாசம். ஒரு சமயம் லண்டனுக்குச் சென்றிருந்தபோது, டாக்டர் ஜான்ஸன் வாழ்ந்த இல்லத்தைச் சந்து சந்தாகத் தேடி அலைந்து, கட்டணம் செலுத்தி உட்புகுந்து, அவர் அகராதி தொகுத்த மேல்மாடியைப் பக்தியுடன் தரிசித்து வந்தோம். ஊர் திரும்பிய சின்னாட்களில், வங்காளத்திலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர், "துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு உள்ளே எப்படி இருக்கும்?" என்று வினவினார். அவ்வீடு நம் இல்லத்திலிருந்து பத்து நிமிஷ நடைத் தூரம். அதன் வாயிலை எத்தனையோ முறை மோட்டாரில் கடந்திருக்கிறோம். ஒரு முறையேனும் படியேறியதில்லை! ஜான்ஸன் வீட்டு மாடியை வர்ணிக்க வல்ல நாம், 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் அம்மகாகவி உயிர்நீத்த வீட்டைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல இயலாமல் விழித்தோம்.

மறுநாள் முதல் விடியற்காலையில் ஒரு மணி நேரம் நடப்பதென்று விரதம் பூண்டோம். விதிகள் மூன்று: வாகனம் கூடாது, கைப்பேசி கூடாது, நேற்றுச் சென்ற வீதியில் இன்று செல்லலாகாது.

முதல் நாள் பாரதியார் இல்லத்தின் முன் நின்றோம். அங்கிருந்து சில அடிகளில் பார்த்தசாரதி ஆலயம். தந்திவர்ம பல்லவன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே உள்ளது. ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனி 1676இல் இவ்வூரைக் கோல்கொண்டா அரசரிடம் குத்தகைக்குப் பெறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இவ்வூர் ஊராக விளங்கியது என்பதற்கு அக்கல்லே சாட்சி. 'சென்னை ஆங்கிலேயர் சமைத்த நகரம்' என்று பாடசாலையில் நாம் கற்றது பாதி உண்மையே என்பதை, நம் காலடியில் கிடந்த கல் உணர்த்திற்று.

மற்றொரு நாள் வாலாஜா பள்ளிவாசலுக்குச் சென்றோம். 1795இல் எழுந்த கருங்கல் கட்டடம். அது கட்டப்பெற்ற ஆண்டைக் குறிக்கும் பாரஸீகச் செய்யுளை இயற்றியவர் மக்கன் லால் என்னும் ஹிந்து. ஹிந்து முஸ்லிம் ஒற்றுமைபற்றி எத்தனையோ தலையங்கம் வரைந்த நமக்கு, அதன் அழியாச் சான்று நம் பேட்டையிலேயே இருப்பது தெரியவில்லை!

அனுமந்தராயன் கோயில் தெருப் பக்கத்தில் வாழ்ந்த ஓர் ஏழை இளைஞர் 1914இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். அவரே கணித மேதை ராமாநுஜன். 1904இல் இப்பேட்டைவாசிகள் கூடித் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலை இந்தியாவுக்கே வழிகாட்டியாயிற்று. அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய 'ஐஸ் ஹவு'ஸில், 1897இல் விவேகாநந்தர் தங்கினார். அப்பால் கடற்கரை, 1907இல் விபின சந்திர பாலரின் சொற்பொழிவுகளைக் கேட்க ஜனங்கள் திரண்ட மணல் அதுவே.

இவை சரித்திரத்தில் ஏறியவை. ஏறாத அழகும் உண்டு. வாசல் தெளித்த ஈரம் உலருமுன் இழைத்த கோலம். காப்பிக்கொட்டை வறுக்கும் மணம். நம்மோடு பேசிக்கொண்டே விரலைப் பாராமல் மல்லிகை தொடுக்கும் மூதாட்டி. உத்தியோகம் தேடி வெளியூரிலிருந்து வந்து 'மேன்ஷன்' அறைகளில் தங்கி, தேநீர்க்கடை வாசலில் ஒரே பத்திரிகையை நால்வராய்ப் படிக்கும் வாலிபர்கள். மோட்டாரின் கண்ணாடிக்கு இவை தென்படா, கால்களுக்கே தென்படும்.

ஆயினும் நம் விரதம் காலங்கடந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த தெருவில் திண்ணையோடு கூடிய பழைய வீடு ஒன்று இருந்தது. அத்திண்ணையில் முதியவர் ஒருவர் தினமும் அமர்ந்திருப்பார். நாம் நடக்கத் தொடங்கிய பின்னரே அவரோடு பேச வாய்த்தது. தம் பாட்டனார் பாலரின் கூட்டத்துக்குப் போய்வந்த கதையை ஒருநாள் தொடங்கினார். கோர்ட்டுக்கு நேரமாயிற்று என்று நாம் எழுந்துவிட்டோம். "அதற்கென்ன, நாளை வாருங்கள்" என்றார். வழக்குகள் குறுக்கிட்டன. இரண்டு வாரங்கள் கழித்துச் சென்றபோது திண்ணை வெறுமையாயிருந்தது, அவர் காலமாகிவிட்டார். இன்று அவ்வீடும் இல்லை. அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள். அக்கதையின் எஞ்சிய பகுதியை இனி எந்தப் புஸ்தகசாலையில் தேடுவோம்?

வீதியின் அழகை ரசிப்பது வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று தேசத்தொண்டர் சிலர் நகைக்கலாம். அன்று. அழகை அறிந்தவனுக்கே குறையும் உறுத்தும். மூன்று இரவு எரியாத விளக்கையும், மூடாத சாக்கடையையும் நாம் கண்டது நடந்தபோதுதான். உரியவர்களுக்கு எழுதியதும் அதன் பின்னரே. முன்னர் அவ்வழியே காரில் சென்றபோது நாம் எழுதியது தேசத்தின் சுகாதாரத்தைப்பற்றி!

ஆகையால் நேயர்களுக்கு நம் விண்ணப்பம் இதுவே. நாளைக் காலையில் உங்கள் வீதியில் இறங்கி நடவுங்கள். திண்ணையில் ஒரு முதியவர் இருப்பாராயின் அருகில் அமருங்கள். அவர் கதை சொல்லத் தொடங்கினால், முடியும்வரை எழுந்திராதீர்கள்.